துரைமார் மீன் தொழிலாளி தூண்டிலில்!

குறைந்த செலவில் குடும்பத்தோடு ஓர் இன்பப் பயணம்

"டிரவுட்" என்று ஒரு மீன் இருக்கிறது. குளிர்ந்த, தெளிந்த ஓடைத் தண்ணீரில்தான் அது வாழும். தண்ணீர் சூடானால் செத்துவிடும். இதில் ஒரு வகைக்கு உடம்பின் இரு பக்கமும் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு "வானவில் டிரவுட்" என்று பெயர்.

நம் நீலகிரிக்கும் இந்த மீன் வந்தது. கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1863-ம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற அதிகாரி வெற்றி பெற்றார். அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஏற்பட்டது. அந்த நாளில் அது துரைமாரின் பொழுதுபோக்கு. ஏழைக்கும் அதற்கும் வெகு தூரம்.

ஆனால் அமெரிக்காவில் ஓரிடத்தில் தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் பெண்டு பிள்ளைகளோடு போய் இதே மீனைப் பிடிக்கிறார்கள். அதுவும் சொற்பச் செலவில்! அது எப்படி? பார்ப்போம்.

வற்றாத ஊற்று

அமெரிக்காவின் நடுப்பகுதியில் மிசூரி என்ற மாகாணம் உள்ளது. அங்கே லெபனான் என்ற ஊரிலிருந்து சுமார் 12 மைல் போனால் "பென்னட் ஊற்று" வரும்.

அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை நிறைந்தது. மழைத் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. பூமிக்கு அடியில் குகைகளின் வழியாக ஓடுகிறது. கடைசியில் ஊற்றாக வெளியே வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 38 கோடி லிட்டர் தண்ணீர்! வெளியே வெயில் கொளுத்தினாலும் ஊற்றுத் தண்ணீரின் சூடு 14 டிகிரி அளவிலேயே நிற்கும். டிரவுட் மீனுக்கு இதைவிட நல்ல வீடு ஏது?

மிசூரிக்கும் இது சொந்த மீன் அல்ல. 1882-ம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. பென்னட் ஊற்றை மாகாண சர்க்கார் 1924-ம் ஆண்டில் வாங்கிப் பொதுப் பூங்கா ஆக்கியது.

1933-ம் ஆண்டில் அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வேலை இல்லாத வாலிபர்களைச் சேர்த்து ஒரு படை அமைத்தார். துப்பாக்கிப் படை அல்ல, மண்வெட்டிப் படை! சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்த வாலிபர்கள் கட்டிய கல் பாலமும் சாப்பாட்டு விடுதியும் பென்னட் ஊற்றில் இன்றும் நிற்கின்றன.

சங்கு ஊதியதும்...

மார்ச் 1-ந் தேதி முதல் அக்டோபர் 31-ந் தேதி வரை மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். பண்ணையில் வளர்த்த மீன்களை இரவில் ஓடையில் விடுகிறார்கள். பொழுது விடியும்போது கரையில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். யாரும் தூண்டிலைப் போட மாட்டார்கள். நம் ஊர் மில்லில் ஊதுவதுபோல் சங்கு ஊதும். அவ்வளவுதான்! நூற்றுக்கணக்கான தூண்டில்கள் ஒரே சமயத்தில் தண்ணீரில் விழும்.

ஒருவர் ஒரு நாளைக்கு 4 மீன் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது. ஓடையை மூன்று பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சியை மட்டுமே தூண்டிலில் கட்டலாம். கடைசிப் பகுதியில் புழுவும் மாவும் செல்லும். குழந்தைகளுக்கு ஏற்ற இடம் அதுதான்.

செலவு எவ்வளவு?

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மீன் பிடிப்பவர்கள் அன்றைய சீட்டு வாங்க வேண்டும். சில டாலர்தான். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. பெரியவர்களுக்கு மீன்பிடி லைசென்சும் தேவை. 16 வயது ஆகாதவர்களுக்கும், மாகாணத்திலேயே குடியிருக்கும் 65 வயது ஆனவர்களுக்கும் லைசென்சு வேண்டாம். ஆகவே, பேரனும் தாத்தாவும் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தூண்டில் போடலாம்.

படகு வேண்டாம். கரையில் நின்றே பிடிக்கலாம். விலை உயர்ந்த தூண்டிலும் வேண்டாம்.

இரண்டு நண்பர்களின் குடும்பங்கள் சேர்ந்து போனால் செலவு இன்னும் குறையும். பெட்ரோல் செலவைப் பங்கு போடலாம். விடுதி அறைக்குப் பதில் கூடாரம் அடிக்கலாம். ஒருவர் அடுப்பைக் கொண்டு வருவார். மற்றவர் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ரொட்டியும் கொண்டு வருவார். ஒரு தாயார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவள் நிம்மதியாகத் தூண்டில் போடலாம். அடுத்த வேளை முறை மாறும்.

மாலையில் சமையல். டிரவுட் மீனின் செதில் மிகப் பொடி. உரசி எடுக்கத் தேவை இல்லை. வயிற்றைச் சுத்தம் செய்து, உப்பும் மிளகும் தடவி, மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்தால் போதும். மீன் சிக்காவிட்டால்? உருளைக்கிழங்கு இருக்கவே இருக்கிறது!

எட்டு டாலருக்கு ஒரு சென்ட்

இவ்வளவையும் மலிவாகக் கொடுத்தால் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

1976-ம் ஆண்டில் மிசூரி மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டார்கள். கடையில் 8 டாலருக்குச் சாமான் வாங்கினால், அதில் 1 சென்ட் காடு, மீன், பறவை, விலங்குகளின் பாதுகாப்புக்குப் போகும். மீன் பண்ணைகளை நடத்தும் இலாகாவுக்கு அதுதான் பெரிய பலம். 1984-ம் ஆண்டில் இன்னொரு வரி. 10 டாலருக்கு 1 சென்ட். அதில் பாதி பூங்காக்களுக்கு. பாதி விவசாய மண்ணைக் காப்பதற்கு. இந்த இரண்டாவது வரி வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 1988, 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் "வேண்டும்" என்றே மக்கள் சொன்னார்கள்.

வரி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அது ஓடையில் நீந்துகிறது. ஊற்று அசுத்தம் ஆகாமல் காக்கிறது. கூலி வேலை செய்கிறவரின் மகளுக்கும் பணக்காரரின் மகனுக்கும் ஒரே கரையில் இடம் கொடுக்கிறது.

ஆற்றையும் ஊற்றையும் காப்பது சர்க்காரின் வேலை மட்டும் அல்ல. ஆளுக்கு ஒரு காசு, ஆளுக்கு 4 மீன் என்ற அளவோடு எல்லோரும் நடந்தால், துரைமார் மீனும் ஊர்ப் பொது மீன் ஆகும்!