நடக்கச் சொல்கிறார்களே, எதற்கு?

நுரையீரலில் கட்டி, புற்றுநோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி வைப்பார்கள் என்று பயந்துகொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போனால், "ஐயா, ஆறு நிமிஷம் நடங்க" என்கிறார் மிஸி.

நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர், முப்பது வருஷமாக மேட்டு நிரையில் பால்மரம் வெட்டுகிறவர், கோபித்துக்கொண்டு லயத்துக்கே திரும்பிவிட்டார். "எனக்கா நடக்கத் தெரியாது? ஃபெயிலாக்கிட்டுக் கைகழுவப் பாக்குறாங்க" என்பது அவர் கணக்கு. மகள் கெஞ்சி மறுபடி அழைத்துப்போக மூன்று வாரம் ஆயிற்று. இந்த நோய்க்கு அது சின்னக் காலம் அல்ல.

விஷயம் இதுதான். வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால், அந்த மடலை வெட்டி எடுப்பது நல்ல வைத்தியம். ஆனால் மிச்சமுள்ளதை வைத்துத்தான் ஆள் மூச்சு விட்டு, நடந்து, குளித்து வாழவேண்டும். வருஷக்கணக்காக ரோக்கோ பிடித்த நெஞ்சில் மிச்சம் எவ்வளவு தேறும்? அதைத்தான் அளக்கிறார்கள்.

முதலில் குழாயில் ஊதச் சொல்வார்கள். நெஞ்சு நிறைய இழுத்து வேகமாக ஊதவேண்டும். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதே முக்கியம். மெல்ல ஊதினால், உள்ளதைவிட மோசமாகக் காட்டும். இன்னொரு கருவியில் மூச்சை இழுத்துப் பத்து வினாடி அடக்கவேண்டும். காற்று ரத்தத்தில் சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க.

நடைச் சோதனை ஓட்டப்பந்தயம் இல்லீங்க. சுமார் 30 மீட்டர் நடைபாதையில் போய்ப் போய்த் திரும்பவேண்டும். இளைத்தால் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் இறங்குவதைக் காட்டிவிடும். சிலரை மாடிப்படி ஏறவைப்பதும் உண்டு. 22 மீட்டர் உயரம், ஏறக்குறைய ஏழு மாடி, ஏறமுடியாதவர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து இன்னும் நுட்பமாகப் பார்ப்பார்கள்.

கீமோ மருந்துக்கும் இதே கேள்விதான், வேறு மாதிரி: "பகல்ல பாதிக்கு மேல படுத்தே இருக்கீங்களா? தானாக் குளிக்கிறீங்களா?" வெட்கப்பட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவைக்காதீர்கள். தாங்காத உடம்பை மருந்தே சாய்த்துவிடும். ரோக்கோவையும் மறைக்கவேண்டாம்.

குறைவாக வந்தால் கைகழுவுவதில்லை. மடலுக்குப் பதில் சின்னத் துண்டாக எடுக்கலாம். கத்தியில்லாமல் கதிர் வைத்தியம் செய்யலாம். புகையை நிறுத்தி, சில வாரம் நடையும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்து மறுபடி அளக்கலாம்.

நம் பெரியவர் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். போன வருஷமே மேட்டுக் காட்டில் பாதியில் நின்று நின்றுதான் ஏறியதை அப்போதுதான் மகளிடம் சொன்னார்.