உலகத்தைச் சுற்றிய பச்சைப் புழு!

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு வீடுதான் உலகம். "கதை சொல்லு, கதை சொல்லு" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். ராஜா கதை, பூதக் கதை எல்லாம் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் ஒரு புழுவின் கதையைச் சொல்லலாம்!

"சீ, புழுவா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். இது சாதாரணப் புழு அல்ல. 60-க்கு மேற்பட்ட மொழிகளில் பேசிய புழு. 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புழு!

"மிகவும் பசி கொண்ட புழு" என்று பொருள்படும் ஆங்கிலப் புத்தகம் அது. எரிக் கார்ல் என்பவர் எழுதி, படமும் போட்டார். 1969-ல் அமெரிக்காவில் வெளிவந்தது.

வயிற்று வலி

கதை மிகச் சிறியது. இலை மேல் ஒரு முட்டை. அதிலிருந்து ஒரு குட்டிப் புழு வருகிறது. அதற்கு ஒரே பசி!

திங்கட்கிழமை ஒரு ஆப்பிளைத் துளைத்துத் தின்கிறது. செவ்வாய்க்கிழமை 2 பேரிக்காய். இப்படியே ஏறிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை 5 ஆரஞ்சு! அப்படியும் பசி அடங்கவில்லை.

சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் என்று 10 பண்டங்களை ஒரு கை பார்க்கிறது. அன்று இரவு வயிற்று வலி! மறுநாள் ஒரே ஒரு பச்சை இலையைத் தின்ற பிறகுதான் குணமாகிறது. பிறகு கூடு கட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறது. 2 வாரங்களுக்கு மேல் ஆனதும், அழகான வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருகிறது!

கிழமைகளும் எண்களும் குழந்தைக்குத் தாமாகவே பாடமாகிவிடும்.

துளை போட்ட புத்தகம்

புழு தின்ற இடத்தில் எல்லாம் நிஜமாகவே துளை இருக்கும். குழந்தை அதில் விரலை நுழைத்துப் பார்க்கலாம்.

காகிதத்தில் துளை போடும் கருவியைக் கையாண்டபோதுதான் கார்லுக்கு இந்த யோசனை பிறந்தது. ஆனால் துளை போட்ட புத்தகத்தைக் கட்டுப்படியாகும் செலவில் அச்சிட, அமெரிக்காவில் அச்சகம் கிடைக்கவில்லை. கடைசியில் ஜப்பானில் அச்சாயிற்று.

தந்தை காட்டிய வழி

இந்தப் புழுவுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு.

கார்ல் 1929-ல் அமெரிக்காவில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியர். சிறுவனாக இருந்தபோது, தந்தை அவரைக் கைப்பிடித்துக் காட்டுக்கு அழைத்துப் போவார். கல்லைப் புரட்டுவார். மரப்பட்டையைத் தூக்குவார். அடியில் இருக்கும் சிறு பிராணிகளைக் காட்டுவார். பார்த்து முடிந்ததும், அவற்றைப் பத்திரமாக அதே இடத்தில் விட்டுவிடுவார்.

1935-ல் குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பியது. அங்கே பள்ளிக்கூடத்தில் பிரம்படி! 1939-ல் யுத்தம் மூண்டது. தந்தை பட்டாளத்துக்குப் போனார். ரஷியாவில் கைதியானார்.

அவர் வீடு திரும்பியது 1947-ல். அப்போது அவர் எடை 40 கிலோ கூட இல்லை! 10 வயதில் தந்தையைப் பிரிந்த மகனுக்கு 18 வயது ஆகியிருந்தது.

காட்டில் நடந்த அந்த நாட்களை மகன் மறக்கவில்லை. சிறு ஜீவன்களைப் பற்றி எழுதுவதே தந்தைக்குத் தாம் செய்யும் மரியாதை என்று பின்னாளில் சொன்னார். 2021-ல், தமது 91-வது வயதில் கார்ல் காலமானார்.

சிலந்தியும் மின்மினியும்

அவருடைய மற்றப் புத்தகங்களிலும் பூச்சிகள் உண்டு. 1984-ல் வந்த சிலந்திப் புத்தகத்தில் வலையை விரலால் தடவிப் பார்க்கலாம். 1990-ல் வந்த சில்வண்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால், வண்டு கத்தும்! 1995-ல் வந்த மின்மினிப் புத்தகத்தில் வெளிச்சம் மின்னும்!

சிலந்திக்கு 8 கால்கள். பூச்சிக்கு 6 கால்கள்தான். ஆகவே சிலந்தி பூச்சி இனம் அல்ல. இதையும் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

கூட்டை விட்டு வா!

புழுக் கதையில் ஒரு பிழை இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். பட்டுப்புழு போன்றவைதான் நூலால் கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சியின் புழு பெரும்பாலும் நூல் கூடு கட்டாது. தோலை உரித்துக்கொண்டு, கடினமான ஓட்டுக்குள் கூட்டுப்புழுவாகத் தொங்கும்.

கார்ல் அதற்குப் பதில் சொன்னார். தாம் சிறுவனாக இருந்தபோது தந்தை, "கூட்டை விட்டு வெளியே வா" என்பாராம். அதனால் தம் புழுவுக்கும் கூடுதான் என்றார்!

எது சரி என்பதைக் குழந்தைகள் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் பச்சைப் புழு இருக்கும். அதுவும் ஒரு வண்ணத்துப்பூச்சிதான். அதைப் பிடித்து நசுக்காமல், செடியிலேயே விட்டு, தினமும் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியை மட்டும் தொட விடாதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும்.

புத்தகத்துக்குக் காசு வேண்டும். கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கக் காசு வேண்டாம். ஒரு தந்தை கல்லைப் புரட்டிக் காட்டியதில் பிறந்த கதைதான் இது. விடுமுறையில் அரை மணி நேரம், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நடக்கலாமே!