வானவெளியில் 12 நிமிஷங்கள்

1965-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி, வாஸ்ஹோத்-2 என்ற சோவியத் விண்கலத்தினின்று வெளிப்பட்ட அலெக்ஸி லியனோவ், சுமார் 5 மீட்டர் நீளமுள்ள கயிற்றின் பிணைப்பில் மிதந்தார். மனிதர் எவரும் அதற்குமுன் செய்திராத காரியம். வெளியேறுதல் எளிதாயிருந்தது, திரும்புதலே அரிதாயிற்று.

காரணம் யாதெனில், வெளியே காற்றழுத்தமே இல்லை. உடையினுள்ளேயோ வாயு அடைபட்டிருந்தது. ஆகவே உடை உப்பி விறைத்தது. விரல்கள் கையுறையின் நுனியைவிட்டு நழுவின. கயிற்றைச் சுருட்டவும் இயலவில்லை. லியனோவ் தரையிலுள்ளோரைக் கேளாமலே வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தார். அதிகம் குறைந்தால் இரத்தத்திலுள்ள நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்பி உயிருக்கே உலைவைக்கும். சோடாப் புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே நிகழ்ச்சிதான். பின்னர், கால் முன்னாக நுழையவேண்டியவர் தலை முன்னாக நுழைந்து, அக்குறுகிய அறைக்குள்ளேயே உடலைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தானியங்கும் இறங்குகருவி பழுதுபடவே, கலத்தின் தலைவர் பெல்யாயெவ் தம் கையாலேயே செலுத்தி இறக்கினார். குறித்த இடம் தவறி, பெர்ம் பிரதேசத்துப் பனிக்காட்டில் இருவரும் இரண்டு இரவுகள் கழித்தனர்.

‘சோவியத் யூனியனின் வீரர்’ என்னும் விருது லியனோவுக்கு 1965-லும், அமெரிக்கக் கலத்துடன் இணைந்த சோயுஸ் பயணத்தின்பின் 1975-லும் கிடைத்தது. 2019-ல் அவர் காலமானார். ஓவியரும்கூட, நூலில் கட்டிய வண்ணப் பென்சில்களால், 1965-ஆம் ஆண்டுப் பயணத்தின்போதே, தாம் கண்ட சூரியோதயத்தை வரைந்துவைத்தார்.