பினாயில் போட்டுத் துடைத்த தரையில் பூனை நடக்கலாமா?

வெள்ளிக்கிழமை காலை. வீட்டைப் பெருக்கி, வாளித் தண்ணீரில் பினாயில் ஊற்றித் துடைத்தாகிவிட்டது. தரை காய்வதற்குள் பூனை அதன் மேல் நடந்துபோய் ஜன்னலோரம் உட்காருகிறது. அடுத்து அது என்ன செய்யும் என்பது பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். பாதத்தைத் தூக்கி நிதானமாக நக்க ஆரம்பிக்கும். சிக்கலே அங்கேதான்!

கறுப்பு பினாயிலில் இருப்பவை ஃபீனால் வகை ரசாயனங்கள். மனிதர்களின் உடம்புக்குள் இவை கொஞ்சம் போனால், கல்லீரல் தனது என்சைம்களைக் கொண்டு அவற்றை மாற்றி, சிறுநீரில் வெளியேற்றப் பார்க்கும். அந்த வேலைக்குத் தேவையான முக்கியமான என்சைம் பூனைக்குக் கிடையாது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இந்தக் குறைபாடுதான் முக்கியக் காரணம். நாய்க்கு இந்த விஷயத்தில் ஆபத்து குறைவு. அதற்காக வாளியில் வாய் வைக்க விட்டுவிடக் கூடாது.

'நாங்க வெள்ளை பினாயில்தான் வாங்குறோம்' என்று நிம்மதியடையவும் முடியாது. அதில் பொதுவாகச் சேர்க்கப்படும் பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கும் ஆன்டிசெப்டிக் திரவங்கள் சிலவற்றில் உள்ள குளோரோசைலினாலும் ஃபீனால் குடும்பம்தான். பாசத்தில் அதைப் பூனையின் காயத்தில் தடவுகிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! கிருமிநாசினி கிளீனர்கள் பலவற்றில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு, நக்கும் பூனையின் நாக்கைப் புண்ணாக்கிவிடும்.

பூனை சிறுநீர் கழித்த மூலையில் நேரடியாக பிளீச் ஊற்றுவது இன்னொரு தவறு. சிறுநீரில் உருவாகும் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும். அது வீட்டிலுள்ள மனிதர்களுக்கும் கெடுதல்தான்.

தினசரி துடைக்க, சோப்புத் தண்ணீரே போதும். பினாயில் போட்டே ஆக வேண்டுமென்றால், பூனையை வேறு அறையில் அடைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, ஃபேன் போட்டுத் தரை முழுக்கக் காய்ந்த பிறகு திறந்துவிடலாம்.

அப்படியும் மிதித்துவிட்டதா? நக்க விடாமல் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு பாதங்களைக் கழுவுங்கள். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, உடல் நடுங்குவது, சாப்பிட மறுப்பது தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நக்கிவிட்டது தெரிந்தாலே அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பாட்டி வைத்தியம் கூடாது. உள்ளே போகும்போது தொண்டையைப் புண்ணாக்கிய திரவம், திரும்பி வரும்போதும் புண்ணாக்கும்.

கையோடு பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ரசாயனம் என்று தெரிந்தால் சிகிச்சை சுலபம். தெருவில் வண்டியில் வரும் பினாயிலைப் பழைய வாட்டர் பாட்டிலில் வாங்கி வைக்கும் வீடுகளில்தான் இது கஷ்டம். அதில் லேபிளே இருக்காது.