சித்திர ஊரில் ஒரு செய்தித்தாள்

நம் விடுதியில் நள்ளிரவு கடந்தும் அறைகளில் விளக்கெரிந்தால், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று எண்ணி வார்டன் மகிழ்ந்து போகிறார். பாதி அறைகளில் அப்போது ஓடிக்கொண்டிருப்பது மஞ்சள் மேனியரான சிம்ப்சன் குடும்பத்தாரின் கதை என்பது நமக்கல்லவா தெரியும்! 1989-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் பாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய அந்த நகைச்சுவைச் சித்திரத் தொடர் முப்பத்தைந்து ஆண்டுகளையும் கடந்து நடைபோடுகிறது. தந்தை ஹோமரைத் தெரியாதவர் நம்மில் இல்லை. குறும்புக்காரப் பார்ட்டையும் கெட்டிக்காரி லிஸாவையும் அப்படியே. ஆனால் அவர்கள் வாழும் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊருக்கு ஒரு பத்திரிகை உண்டே, அதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பத்திரிகையின் பெயர் ‘ஸ்பிரிங்பீல்டு ஷாப்பர்’. பெயரிலேயே கேலி இருக்கிறது. அமெரிக்கச் சிற்றூர்களில் ‘ஷாப்பர்’ என்றால் கடைக்காரர்களின் விளம்பரங்களை நிரப்பி, வீடுதோறும் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் தாள் என்று பொருள். செய்தி என்று தேடினால் ஓரத்தில் இரண்டு வரி அகப்படலாம். ஓர் ஊரின் தலையாய நாளிதழுக்கு அப்படிப் பெயர் வைத்தால், அந்த ஊரின் யோக்கியதையும் பத்திரிகையின் யோக்கியதையும் ஒருங்கே விளங்கிவிடுகிறதல்லவா?

இந்தக் குத்தல் ஏட்டுப் படிப்பால் வந்ததன்று. தொடரைப் படைத்த மாட் கிரேனிங் பத்திரிகை வாசலிலேயே வளர்ந்தவர். எவர்கிரீன் கல்லூரியில் படித்தபோது மாணவர் இதழுக்கு ஆசிரியராக இருந்தார் (நம் இதழ்க் குழு நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம்!). பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ‘ரீடர்’ என்ற வார இதழில் சேர்ந்து, பத்திரிகைக் கட்டுகளை ஊரெல்லாம் கொண்டுபோய்ப் போடும் வேலையும் பார்த்தார். அவருடைய முயல் சித்திரக் கதை 1980-ல் அந்த இதழில்தான் வாரந்தோறும் வரத் தொடங்கியது. விளம்பரக்காரனின் தயவில் காலந்தள்ளும் சிறு பத்திரிகையின் பிழைப்பு அவருக்குக் கை ரேகை போலத் தெரியும்.

கதையில் ஷாப்பருக்கு என்ன வேலை? பெரும்பாலும் மூன்று வினாடி வேலைதான். பழைய திரைப்படங்களில் செய்தித்தாள் ஒன்று சக்கரம்போல் சுழன்றுவந்து கண்முன் நின்று, கொட்டை எழுத்தில் கதையைச் சொல்லிவிட்டுப் போகுமே, அந்த உத்திதான். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் ஊரே அறிந்த சேதியைச் சொல்லத் தலைப்புச் செய்தியைவிடச் சிக்கனமான வழி இல்லை. கூர்ந்து பார்த்தால் பெரிய தலைப்புக்குப் பக்கத்திலே சின்னத் தலைப்பு ஒன்று ஒளிந்திருக்கும். மெய்யான சிரிப்பு அங்கேதான். வீட்டில் நாடாப்பதிவுக் கருவி வைத்திருந்த ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்தி அதைப் படித்தார்கள். இன்று நாம் விசையை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

2002-ல் வந்த ஒரு கதையில், ஹோமரின் கிழத் தந்தைக்கு அடையாளச் சான்று தேவைப்படுகிறது. ஷாப்பரில் வெளிவந்த நறுக்கு ஒன்று காட்டப்படுகிறது. கிழவர் வானத்தைப் பார்த்து முஷ்டியை ஆட்டுகிற படம். ‘முதியவர் மேகத்தை நோக்கிக் கூச்சல்’ என்று தலைப்பு! ஒன்றும் நடவாத ஊரில் பத்திரிகைக்கு எதுவும் செய்திதான் என்பதை இதைவிட யார் சொல்ல முடியும்? அந்த ஒரு படம் உலகமெல்லாம் சுற்றிவந்து, வீண்கோபக்காரர்களைக் கிண்டல் செய்ய இன்றும் பயன்படுகிறது.

1999-ல் வந்த வேறொரு கதையில் ஹோமரே ஷாப்பரின் உணவு விமர்சகராகிவிடுகிறார். எழுதத் தெரியாது, மகள் லிஸா கைகொடுக்கிறாள். முதலில் தின்ற பண்டத்தையெல்லாம் வாயார வாழ்த்துகிறார். இப்படிப் புகழ்ந்தால் விமர்சகன் என்று யார் மதிப்பார் என்று மற்ற விமர்சகர்கள் ஏளனம் செய்யவே, எல்லாவற்றையும் கிழித்துப்போடத் தொடங்குகிறார். ஊர்ச் சமையற்காரர்கள் கூடிப் பேசி நஞ்சிட்ட இனிப்பொன்றை நீட்டுகிறார்கள். வாய்க்கருகில் கொண்டுபோன பண்டத்தை அவர் வீசியெறிவது ஏன்? அது கொழுப்புக் குறைந்த பண்டம் என்று லிஸா கத்தியதால்! இலக்கிய விமர்சனம் எழுதும் நம் நண்பர்கள் சிலருக்கு இக்கதையைப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் ஷாப்பர் வெறும் கோமாளியன்று. 1990-ல் வந்த மூன்று கண் மீன் கதையைப் பாருங்கள். அணுமின் நிலையத்துக்கு அருகே பார்ட் தூண்டில் போடுகிறான். மூன்று கண்ணுள்ள மீன் அகப்படுகிறது. அவ்வழியே வந்த டேவ் ஷட்டன் என்ற நிருபர் அதைப் பார்த்து எழுதிவிடுகிறார். அரசாங்கச் சோதனை வருகிறது. நிலையத்தின் குறைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்படுகின்றன. முதலாளி பர்ன்ஸ், திருத்துவதைவிட ஆள்வது மலிவு என்று கண்டு, கவர்னர் பதவிக்கே போட்டியிடுகிறார். தேர்தலுக்கு முந்திய நாள் விருந்தில் ஹோமரின் மனைவி மார்ஜ் அதே வகை மீனைத் தட்டில் வைக்கிறாள். அவர் விழுங்க முடியாமல் துப்புகிறார். பதவிக் கனவும் அதோடு போயிற்று. தொடக்கம் ஒரு சில்லறை நிருபரின் கண்!

மெய்யான அமெரிக்காவில் அந்தக் கண் அவிந்துவருகிறது. 2005-ல் அந்நாட்டில் இருந்த செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 2024-க்குள் மறைந்துவிட்டதாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கணக்கெடுத்திருக்கின்றனர். காரணம், ஷாப்பர் என்ற பெயரில் ஒளிந்திருக்கும் அதே விளம்பரம்தான். வீடு வாடகைக்கு, பழைய கார் விலைக்கு, ஆள் தேவை என்ற வரி விளம்பரங்களே ஊர்ப் பத்திரிகைக்குச் சோறு போட்டவை. 1995-ல் கிரெய்க் நியூமார்க் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது வலைத்தளமாக வளர்ந்து, அந்தச் சோற்றை ஊர் ஊராக அள்ளிக்கொண்டது. பின்னர் கூகுளும் பேஸ்புக்கும் மிச்சத்தைத் துடைத்தன. நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார ஆள் இல்லாமற்போனால் என்ன ஆகும்? பொருளியல் ஆராய்ச்சியாளர் மூவர் கணக்குப் பார்த்தனர்: பத்திரிகை மூடப்பட்ட ஊர்களில் நகராட்சி வாங்கும் கடனுக்கு வட்டி உயர்கிறது. காவல் இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுப்பவன் அதிகம் கேட்பான் போலும். அவ்வட்டியைக் கட்டுபவர், பத்திரிகையே படியாதவரும் உள்ளிட்ட ஊரார் அனைவரும்.

2008-ல் வந்த கதையில் பத்திரிகையாளர் ஒருவரைப் பார்த்து, உங்கள் தொழில் சாகிறது என்று நெல்சன் என்ற முரட்டுப் பையன் கைகொட்டிச் சிரிக்கிறான். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தோம் என்றிருந்தது.

மூடுவதைவிடக் கொடிது ஒன்றுண்டு, விலைபோவது. 2004-ல் வந்த கதையில், ஊர் தன்னை வெறுக்கிறதென்று அறிந்த பர்ன்ஸ், நற்பெயர் தேட ஷாப்பர் முதல் தொலைக்காட்சி வரை அத்தனையையும் வாங்கிவிடுகிறார். விலைபோகாமல் நிற்பது லிஸா நடத்தும் சிறு இதழ் ஒன்றுதான். ஆசை காட்டுகிறார்; மசியவில்லை. அவள் வீட்டு மின்சாரத்தை நிறுத்துகிறார். இறுதியில் அவளும் சோர்ந்து கைவிடும்போது, ஹோமர் தானே ஓர் இதழ் அச்சடிக்கிறார். அதைக் கண்டு ஊரில் ஆளுக்கோர் இதழ் போடுகிறார்கள்! யாருமே எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது, ரூபர்ட் மர்டாக்கைத் தவிர என்று பர்ன்ஸ் பெருமூச்சு விடுகிறார்.

அப்போது பாக்ஸ் தொலைக்காட்சி அதே மர்டாக்கின் கையில் இருந்தது. அதற்கு முன்பே, 1999-ல், இத்தொடரில் தம் வேடத்துக்குத் தாமே குரல் கொடுத்து, கோடீசுவரக் கொடுங்கோலன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டவர் அவர். 2019-ல் தொடரின் உரிமை டிஸ்னி நிறுவனத்துக்குக் கைமாறியது. பர்ன்ஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.