பெங்களூருக்குக் குளிர்கால டயர் ஏன் வேண்டாம்?

டயர் சாலையைப் பிடித்து ஓட அதன் ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் இளகியே இருக்கும். அதன் பட்டன்களில் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளில்) உள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்ளும்.

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். ஏப்ரல் வெயிலில் அந்த மென்மையான ரப்பர் விரைவில் தேயும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரமாகும். எல்லாப் பருவ டயரே இங்கு தாராளம்.

இந்நகரின் உண்மையான ஆபத்து மழைநீர். டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றாவிட்டால் சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் மிதந்து வழுக்கும். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு ரப்பர் மேடு பட்டனோடு சமமானால், மிஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். அதற்கு முன்பே டயரை மாற்றிவிடுவது நல்லது.