மாதக்கட்டு எவ்வளவு என்று கைபேசியிடம் கேட்கும் முன்

நெல்லியடிச் சந்திப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்றை லீசிங்கில் எடுக்க நினைப்பவர், கடைப் படி ஏறும் முன்பே கைபேசியில் மாதக்கட்டைப் பார்த்துவிடலாம். தொகை, வட்டி வீதம், மாதங்கள் ஆகிய மூன்றையும் போட்டால் விடை வந்து நிற்கும். அந்த விடையை நம்பி நகையை ஈடு வைப்பவர்களும் முற்பணம் கட்டுபவர்களும் உண்டு. அது எந்த முறையில் போட்ட கணக்கு என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஓர் இலட்சம் ரூபாய், 24 வீத வட்டி, 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போட்டால் மாதக்கட்டு ஏறக்குறைய 9,456 ரூபாய். வருட முடிவில் கட்டிய வட்டி 13,472 ரூபாய். கடன் பாதி தீர்ந்த பிறகும் முழு இலட்சத்துக்கே வட்டி போடும் ‘பிளாட் ரேட்’ முறையில் மாதக்கட்டு 10,333 ரூபாய், வட்டி 24,000 ரூபாய். இரண்டு திரையிலும் 24 என்றுதான் எழுதியிருக்கும். பிளாட் முறையின் அந்த 24ஐ மீதிக்கு வட்டி போடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்கு 42 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தந்தால் இது இன்னும் ஏறும்.

கூட்டல் கழித்தலில் பிழைவிடும் கல்குலேற்றரைக் காட்டிலும், முறையைச் சொல்லாமல் சரியாகக் கணக்குப் போடும் கல்குலேற்றரே ஆபத்தானது என்பேன். பிழை என்றாவது ஒருநாள் பிடிபடும். இது பிடிபடாது.

பிழையும் எளிதில் பிடிபடுவதில்லை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. விவாகரத்து வழக்குகளில் சொத்து விபரம் கொடுக்கும் படிவத்துக்காக அந்நாட்டு நீதி அமைச்சு இணையத்தில் வைத்திருந்த கல்குலேற்றர், கடன்களைச் சரியாகக் கழிக்காமல் நிகரச் சொத்தைக் கூட்டிக் காட்டியது. 2015 டிசம்பரில் விடயம் வெளிவந்தபோது 3,638 வழக்குக் கோப்புகளில் பிழையான கணக்கு இருந்தது. அவற்றில் 2,235 வழக்குகள் முடிந்தே போயிருந்தன. அரச இலச்சினை இருந்ததால் எண்களை மறுபடி கூட்டிப் பார்க்கப் பலருக்கும் தோன்றாமல் போயிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கக்கூடியது வேறு: பழைய வரி வீதம், அல்லது வரியையே கழிக்காத கணக்கு. இலங்கையில் நிலையான வைப்பு வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. பத்து இலட்சத்தை ஒரு வருடத்துக்கு 8 வீதத்தில் போட்டால் வரியைக் கழிக்காத திரை 80,000 காட்டும். கைக்கு வருவது 72,000. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசை வைப்பிலிட்டு வட்டியில் வாழும் முதியவர்கள் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

காணிக் கணக்கிலும் கவனம் தேவை. 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வெளிநாட்டுத் தளங்கள் சில பேர்ச்சைப் பதினாறரை அடி நீளமாக எடுத்துக்கொள்கின்றன. பரப்பு என்பதோ பல தளங்களில் இல்லவே இல்லை. விலை பேசும்போது உறுதியையும் உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடத்தையும் பாருங்கள்.

கடன் கல்குலேற்றரைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். 1,20,000 ரூபாய், வட்டி பூச்சியம், 12 மாதம் என்று போடுங்கள். விடை 10,000க்கு மேல் வந்தால் உள்ளே வேறு கட்டணம் ஒளிந்திருக்கிறது. பிறகு மேலே சொன்ன இலட்ச ரூபாய்க் கணக்கைப் போடுங்கள். 9,456 வருகிறதா, 10,333 வருகிறதா என்பதே முறையைக் காட்டிக்கொடுக்கும். வீதம் எந்தத் திகதியில் புதுப்பிக்கப்பட்டது என்றே எழுதாத தளத்தை விட்டுவிடுங்கள்.

நிறுவனத்துக்குப் போனதும் ஆண்டின் பயனுள்ள வட்டி வீதம் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டணங்கள் எல்லாம் அடங்கிய தவணை அட்டவணையைக் கையொப்பமிடும் முன் எழுத்தில், தமிழில் கேளுங்கள். மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், அதன் ஒழுங்குபடுத்தலுக்கு உட்பட்ட நிறுவனங்கள் இப்படியான விபரங்களை முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. “பிறகு தருகிறோம்” என்றால் நீங்களும் பிறகு கையொப்பமிடலாம். நிறுவனத்தின் சொந்தத் தளம் காட்டிய தொகையைத் திகதி தெரியும்படி படம்பிடித்து வைத்திருங்கள். ஒப்பந்தத்தில் வேறு தொகை இருந்தால் முறைப்பாட்டுக்கு அது ஆதாரம்.

முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. தவணைக்குப் பொருள் விற்கும் கடை பொய்யான கணக்கைக் காட்டியிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977இல் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது.

அனுமதி பெறாத கடன் செயலிகளோடு சிக்கினால் இந்த வழிகள் இலகுவில் உதவா. ஆகவே மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். மாதக்கட்டுக் கணக்குக்கு அடையாள அட்டை இலக்கமோ தொலைபேசியிலுள்ள தொடர்புகளோ தேவையில்லை. அவற்றைக் கேட்கும் செயலியை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். விபரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் இலங்கைக் கணினி அவசரப் பிரிவான ‘சேர்ட்’ அமைப்பின் இலக்கம் 101.